காவிட்டேயில் இல்லாத மலை

1603ஆம் ஆண்டு மே மாதம் மணிலாத் துறையில் சீனத்து அதிகாரிகள் மூவர் பரிவாரத்தோடு வந்து இறங்கினார்கள். வந்த காரியத்தைக் கேட்டதும் சிரிப்பதா பயப்படுவதா என்று ஸ்பானியர்களுக்குத் தெரியவில்லை. மணிலாவுக்குப் பக்கத்தில் காவிட்டே என்ற இடத்தில் பொன்னும் வெள்ளியும் விளைகிற மலை ஒன்று இருக்கிறது, தோண்டினால் ஆண்டுக்கு ஒரு லட்சம் தாயல் பொன்னும் மூன்று லட்சம் தாயல் வெள்ளியும் தேறும் என்று சாங் யி என்பவன் பேரரசர் வான்லியிடம் விண்ணப்பம் போட்டிருந்தான். பேரரசருக்கு அப்போது பணமுடை. சுரங்கம் என்ற சொல் காதில் விழுந்தாலே ஆளனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. மலையை நேரில் பார்த்துவிட்டுப் போகத்தான் மூவரும் வந்திருந்தார்கள். மரத்தில் பொன்னவரை காய்க்கிறதாமே, அது எந்த மரம் என்று ஸ்பானியர்கள் மடக்கியதாகவும், ஊரே பொன்னாயிருக்க அவரையைப் பற்றி என்ன கேள்வி என்று சாங் யி மழுப்பியதாகவும் மிங் வரலாறு சொல்கிறது. காவிட்டேக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். மலை இல்லை. அரசரிடம் காட்டுவதற்கு ஒரு கூடை மண்ணை அள்ளிக்கொண்டு அவர்கள் திரும்பிப் போனதாக, அப்போது மணிலாவில் நீதிபதியாக இருந்த அந்தோனியோ தே மோர்கா எழுதி வைத்திருக்கிறார். சீனத்தில் சாங் யியின் தலை வெட்டப்பட்டது.

இதை ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் பலரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படிச் சிரித்துவிட்டுக் கடந்துபோக முடியவில்லை. சாங் யி ஏமாற்றுக்காரனாகவே இருந்திருக்கலாம். ஆனால் அவன் பேச்சு அரண்மனை வரை எடுபட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் கணக்கில் பிழை இல்லை. மணிலா இருக்கும் லூசோன் தீவுக்குப் பட்டோடு போகும் மரக்கலங்கள் ஆண்டுதோறும் வெள்ளியோடு திரும்புகின்றன. இவ்வளவு வெள்ளி ஓர் இடத்திலிருந்து வருகிறதென்றால் அங்கே ஒரு மலை இருந்தாக வேண்டும். இருந்தது. பசிபிக் பெருங்கடலுக்கு அப்பால், இன்றைய பொலிவியாவில், நாலாயிரம் மீட்டருக்கு மேலே காற்று மெலிந்த ஒரு பொட்டலில், செம்பழுப்பு நிறத்தில் கூம்பாக நின்றது. பொட்டோசி மலை. மூன்று அதிகாரிகள் தேடி வந்தது அதைத்தான். இடம் மட்டும் ஒரு பெருங்கடல் அளவுக்குத் தவறிவிட்டது. அவர்களிடம் இதை எடுத்துச் சொல்லியிருக்கக்கூடியவர்கள் எதிரிலேயே நின்றிருந்தார்கள்.

பொட்டோசியில் வெள்ளி கண்டது 1545இல். இருபது ஆண்டுகள் கழித்து, பிலிப்பைன்ஸிலிருந்து மெக்சிகோவுக்குத் திரும்பும் கடல்வழியை உர்தனேத்தா என்ற துறவி வடக்கே வெகுதூரம் ஏறிச் சென்று காற்றைப் பிடித்துக் கண்டறிந்தார். 1571இல் மணிலா ஸ்பானிய நகரமாயிற்று. சீனத்தில் அதே காலத்தில் நிலவரியையும் ஊழியக் கடமையையும் ஒன்றாக்கி வெள்ளியில் வசூலிக்கும் முறை பரவிக்கொண்டிருந்தது. ஐரோப்பாவில் ஒரு பங்கு பொன்னுக்குப் பன்னிரண்டு பங்கு வெள்ளி தர வேண்டியிருந்தபோது சீனத்தில் ஆறு பங்கு போதும். வெள்ளியைக் கிழக்கே கொண்டுபோனால் அதுவே லாபம். அகபுல்கோவிலிருந்து போகும்போது மூன்று மாதம், பட்டும் பீங்கானும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது சில சமயம் ஆறு மாதம். இப்படி 1815 வரை கப்பல்கள் ஓடின. உலக வணிகம் பிறந்த ஆண்டு 1571 என்று சில பொருளியல் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். முதலில் படித்தபோது எனக்கும் அந்தக் கிளர்ச்சி தொற்றிக்கொண்டது. கண்டங்கள் கைகோத்துக்கொண்டன என்றெல்லாம் வாக்கியங்கள் வரும். யாருடைய கை யாருடைய கையை என்று கேட்கத் தொடங்கியபோதுதான் உறுத்தல் ஆரம்பித்தது. சீனத்தின் ஃபூஜியனில் ஒரு குடியானவன் வரி கட்ட வேண்டிய நாளில் நெல்லை விற்று வெள்ளித் துணுக்கு வாங்க அலைகிறான். பொட்டோசியில் ஒருவன் முதுகில் கல்மூட்டையோடு ஏணியேறுகிறான். தங்கள் அரசர்களால் ஆனதைவிட அதிகமாக இவர்கள் ஒருவர் வாழ்க்கையை மற்றவர் திருப்பிப்போட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு மற்றவர் இருப்பதே தெரியாது. கனவில்கூட வந்திருக்க முடியாது; கனவுக்கும் ஏதாவது ஒரு சாயல் வேண்டுமே.

வெள்ளியின் இயல்பும் இதற்கு வசதியாக இருந்தது. தட்டார் கடையில் பழைய கொலுசைப் போட்டுப் புதியது வாங்குகிறோம்; உருக்கிய பிறகு அது எந்தப் பாட்டியின் காலில் கிடந்தது என்று அந்த வெள்ளியிடம் கேட்க முடியாது. சீனத்துக்குப் போன ஸ்பானிய நாணயங்களில் பெரும்பகுதிக்கு நடந்ததும் இதுதான். முகப்பை யாரும் மதிக்கவில்லை. வெட்டினார்கள், தராசில் இட்டார்கள், உருக்கிக் கட்டியாக வார்த்தார்கள். அதற்கு முன்பே, மணிலாக் கப்பலில் ஏறும்போதே, மெக்சிகோவின் வெள்ளியும் பெருவின் வெள்ளியும் கலந்துவிட்டிருந்தன. பெருவிலிருந்து அகபுல்கோவுக்கு வெள்ளி போகக் கூடாது என்று அரசாணைகள் இருந்தன. ஆணைகள் ஒருபக்கம் இருக்க வெள்ளி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆகவே ஒரு சீனக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இது இந்த மலை என்று சொல்ல வழியே இல்லை.

பொட்டோசியின் பெயர் உலகச் சந்தையில் உரத்துக் கேட்ட சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அங்குள்ள நாணயச்சாலையில் அதிகாரிகளும் வெள்ளி வணிகர்களும் கூட்டுச் சேர்ந்து வெள்ளியில் செம்பைக் கலந்து அடித்தது 1649இல் அம்பலமானது. கோமஸ் தே லா ரோச்சா என்ற பெருந்தனக்காரர் மறுவருடம் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். பெரு நாணயத்தைத் தொட வணிகர்கள் தயங்கினார்கள். நம்பிக்கையை மீட்க 1652இல் அச்சையே மாற்றினார்கள். இரண்டு தூண்கள், அவற்றின் அடியில் கடலலைகள். அழகான நாணயம் அது, படத்தில் பார்த்தாலும் அலை அசைவதுபோல இருக்கும். எனக்கு இதில் உறைப்பது வேறு. அதுவரை நூறாண்டுக் காலம் வெள்ளி சுத்தமாக இருந்தவரை அது எங்கிருந்து வருகிறது என்பது பெரும்பாலோருக்கு ஒரு கேள்வியாகவே இல்லை. மாற்றுக் குறைந்ததும் எந்த ஊர் நாணயம் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மாற்றைச் சரிசெய்ததும் கேள்வியும் நின்றது. செம்பு கலந்ததற்காகக் கேட்ட உலகம், அதற்குள் கலந்திருந்த மற்றதற்காகக் கேட்கவில்லை என்று எழுதக் கை வருகிறது. மேடைப்பேச்சு மாதிரி இருக்கிறது, விட்டுவிடுகிறேன்.

மற்றது என்னவென்பதையாவது சொல்ல வேண்டும். பெருவின் வைஸ்ராய் தொலேதோ 1570களில் ஒழுங்குபடுத்திய மீத்தா என்ற கட்டாய ஊழியத்தின்படி, சுற்றியுள்ள பதினாறு மாகாணங்களின் வயதுவந்த ஆண்களில் ஏழில் ஒருவர் முறைவைத்துப் பொட்டோசிக்கு ஓராண்டு வேலைக்கு வர வேண்டும். ஆண்டுக்குப் பதின்மூவாயிரம் பேருக்கு மேல். டிட்டிகாகா ஏரிக்கரையின் சுகுய்ட்டோ மாகாணத்திலிருந்து முறைக்காரர்கள் மனைவி மக்களோடும் லாமா மந்தைகளோடும் உலர்ந்த உணவு மூட்டைகளோடும் கிளம்புவதை நேரில் பார்த்த ஒருவர் எழுதியிருக்கிறார்: ஏழாயிரம் பேருக்கு மேல், இரண்டு மாத நடை. ஓர் ஊரே பெயர்ந்து போவதுபோலத்தான். போனவர்களில் திரும்பியவர்கள் குறைவு. செத்தவர்கள் போக, ஊருக்குத் திரும்பினால் அடுத்த முறை பெயர் வந்துவிடும் என்று வழியிலேயே வேறெங்கோ தங்கி வேற்றூர்க்காரர்களாக வாழ்ந்து முடித்தவர்களும் ஏராளம். மலைக்குள்ளே திங்களன்று இறங்கினால் வாரக் கடைசியில்தான் வெளிச்சம். இரண்டு கையும் ஏணியைப் பிடிக்க வேண்டும் என்பதால் மெழுகுவர்த்தியைக் கட்டைவிரலில் கட்டிக்கொள்வார்கள். முதுகில் கல், கடைவாயில் கோக்கா இலை. உள்ளே வெக்கை, வியர்த்துக் கொட்டும். வெளியே வந்தால் ஆண்டீஸ் மலையின் குளிர் அந்த ஈரத்தின்மேல் விழும். விழுந்து செத்தவர்களைவிட நெஞ்சில் சளி கட்டியும் தூசி கட்டியும் செத்தவர்கள் அதிகம் இருக்க வேண்டும்.

உயர்ந்த தரமுள்ள கனிமம் சீக்கிரம் தீர்ந்துபோனது. அதன் பிறகு பொட்டோசியைக் காப்பாற்றியது பாதரசம். மெக்சிகோவின் பச்சுக்காவில் 1550களில் பார்த்தலோமே தே மெதீனா பெரிய அளவில் செய்துகாட்டிய முறை அது. கல்லை மாவாக இடித்து, உப்பும் பாதரசமும் சேர்த்துப் பிசைய வேண்டும். பிசைந்தது மனிதக் கால்கள். வெள்ளியைப் பாதரசம் கவ்விக்கொள்ளும். துணியில் பிழிந்து, கூம்பாக அச்சில் இறுக்கி, சூடேற்றினால் பாதரசம் ஆவியாகப் போய்விடும், வெள்ளி நிற்கும். ஆவி எங்கே போயிற்று என்பதை அடுப்படியில் நின்றவர்களின் நடுங்கும் கைகளும் ஆடும் பற்களும் சொல்லியிருக்கும். பாதரசம் வந்தது ஹுவான்கவெலிகா சுரங்கத்திலிருந்து. தோல்பைகளில் கட்டி, லாமா முதுகில் கடற்கரைக்கு இறக்கி, கப்பலில் அரிக்காவுக்கு, அங்கிருந்து கோவேறு கழுதைகளில் மலைமேல். பைகள் வழியெல்லாம் ஒழுகின. ஹுவான்கவெலிகாவில் இன்றும் மக்கள் மண்வீடுகளில் குடியிருக்கிறார்கள். பழைய உலைகளின் கழிவு படிந்த மண்ணில் எழுப்பிய அந்தச் சுவர்களிலும் தரையிலும் பாதரசம் இருக்கிறது, அளந்து பார்த்திருக்கிறார்கள். நாணயமான வெள்ளி உலகமெல்லாம் சுற்றித் தன் ஊரை மறந்தது. அதை நாணயமாக்கிய பாதரசம் ஊரைவிட்டுப் போகவில்லை. குழந்தைகள் தவழும் தரையில் இருக்கிறது.

இந்த இடத்தில் என் வாதமே எனக்குச் சந்தேகமாகிறது. ஒருவரையொருவர் அறியாததுதான் குற்றம் என்பதுபோல இதுவரை பேசிவிட்டேன். அறிந்திருந்தால் நிலைமை மாறியிருக்குமா? அறிந்தவர்களுக்குக் குறைவில்லை. மலை கண்டுபிடித்து ஐந்தாண்டே ஆன 1550இலேயே தோமிங்கோ தே சாந்தோ தொமாஸ் என்ற பாதிரியார், அது நரகத்தின் வாய், ஆண்டுதோறும் அதற்குள் மனிதர்கள் பலியாகப் போகிறார்கள் என்று ஸ்பெயினுக்கு எழுதிவிட்டார். கட்டைவிரல் மெழுகுவர்த்தியையும் தோல் ஏணிகளையும் வர்ணித்து அகோஸ்தா என்பவர் எழுதிய புத்தகம் 1590இல் அச்சாகிப் பல மொழிகளில் வாசிக்கப்பட்டது. படித்தவர்கள் ஐயோ பாவம் என்றிருப்பார்கள், வெள்ளி வேண்டாம் என்று சொன்னதாகத் தெரியவில்லை. ஆண்டீஸ் குடியில் பிறந்த குவாமன் போமா, 1615 வாக்கில், ஹுவான்கவெலிகாவில் நடப்பது உட்பட அத்தனையையும் கிட்டத்தட்ட 1200 பக்கங்களில், நானூறு சித்திரங்களோடு, ஸ்பெயின் அரசருக்கு ஒரு நீண்ட கடிதமாக எழுதினார். அது 1908இல் கோபன்ஹேகன் நூலகத்தில் கண்ணில் பட்டது. வெள்ளி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்த அதே பாதையில் கடிதம் இப்படி வழிதவறிப் போனது. சரி, அரசர் கைக்குப் போயிருந்தால்? லேமோஸ் கோமகன் பெருவின் வைஸ்ராயாக இருந்தபோது, 1660களின் கடைசியில், மீத்தாவை ஒழித்துவிட வேண்டும் என்று அரசிக்கே எழுதினார். அவரைவிட உயரத்தில் இருப்பவர் அந்த நாட்டில் யாருமில்லை. மீத்தா மேலும் நூற்று நாற்பது ஆண்டுகள் நடந்து, 1812இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அறிவு போய்ச் சேரும், கோப்பில் சேரும், பதிலும் வரும். பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிடுவது மட்டும் நிற்காது.

அருகில் இருப்பதும் உதவவில்லை. மணிலாவின் மதிலுக்கு வெளியே, பீரங்கிக் குண்டு எட்டும் தூரத்தில், பரியான் என்ற குடியிருப்பில் சீனர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஸ்பானியர்களுக்குச் செருப்புத் தைத்தவர்களும் ரொட்டி சுட்டவர்களும் புத்தகம் கட்டியவர்களும் அவர்கள்தான். 1603 மே மாதம் வந்த மூன்று அதிகாரிகளும் படையெடுப்புக்கு வேவு பார்க்கத்தான் வந்தார்கள் என்ற பயம் ஸ்பானியர்களுக்குள் ஊறிக்கொண்டே இருந்தது. தங்களைக் கொல்லப்போகிறார்கள் என்ற வதந்தி பரியானில் பரவியது. அக்டோபரில் கலவரம் வெடித்தது. கொல்லப்பட்ட சீனர்கள் இருபதாயிரம் பேர் அளவில் என்பது பொதுவான மதிப்பீடு. மிங் வரலாறு இருபத்தைந்தாயிரம் என்கிறது. பிறகு மணிலாவில் செருப்புத் தைக்க ஆளில்லை, விலை கொடுத்தாலும் சாப்பாடு கிடைக்கவில்லை என்று மோர்கா குறைப்பட்டுக்கொள்கிறார். அடுத்த பருவத்திலேயே ஃபூஜியனிலிருந்து மரக்கலங்கள் மறுபடி பட்டோடு வந்தன. பேரரசு படை அனுப்பவில்லை. ஊரைவிட்டு ஓடிப்போன வணிகர்கள்தானே, இவர்களுக்காகவா போர் என்பதுதான் சீன அதிகாரிகளின் தோரணை. 1639இல் மறுபடி ஒரு கொலை, மறுபடி மரக்கலங்கள். இந்த வேகத்தை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று எனக்கு விளங்கவில்லை. உயிர் பிழைக்கும் பிடிவாதம் என்றும் சொல்லலாம். கல்மனசு என்றும் சொல்லலாம். மரக்கலத்தில் வந்தவனுக்கு வீட்டில் வரிபாக்கி இருந்திருக்கும்.

நன்மையைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை என்பதும் தெரியும். அதே லூசோனிலிருந்து 1593இல் சென் சென்லுங் என்ற வணிகர் சர்க்கரைவள்ளிக் கொடியைக் கப்பல் கயிற்றோடு முறுக்கி மறைத்து ஃபூஜியனுக்குக் கொண்டுவந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. மறுவருடப் பஞ்சத்தில் ஆளுநரே முன்னின்று அதைப் பயிரிடச் செய்தார். மணற்பாங்கான மேட்டு நிலத்தில் நெல் வராத இடத்தில் அது வந்தது. அமெரிக்கக் கண்டத்துக் கிழங்கு எத்தனையோ சீன வயிறுகளை நிரப்பியிருக்கிறது. இதை ஒரு தட்டிலும் பொட்டோசியை ஒரு தட்டிலும் வைத்து நிறுத்துப்பார்க்கச் சிலர் சொல்கிறார்கள். அந்தத் தராசை என்னால் கையில் எடுக்க முடியவில்லை. செத்தவன் வேறு, பிழைத்தவன் வேறு. இவன் பிழைத்ததற்கு அவன் சம்மதித்ததாகக் கணக்கு எழுத நான் யார்?

இதெல்லாம் எங்கோ நடந்தது என்று ஒதுங்கவும் முடியாது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் மறைமலையடிகள் பாலம் இருக்கிறது. அதற்கு முன்பு அங்கே இருந்தது மர்மலாங் பாலம்; கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் 1726இல் தன் செலவில் கட்டியது. பரங்கிமலை ஏறும் படிகளையும் அவர் செப்பனிட்டார். அவருடைய செல்வம் மணிலா வணிகத்தில் சேர்ந்தது. சோழமண்டலக் கரையின் துணி இங்கிருந்து மணிலாவுக்குப் போகும், அங்கிருந்து ஸ்பானிய வெள்ளி இங்கே வரும். மணிலாவில் ஆங்கிலேயர்களுக்கு இடமில்லை என்பது ஸ்பெயினின் சட்டம். ஆகவே சென்னைக் கோட்டையிலிருந்த ஆங்கிலேயர்களின் சரக்கு ஆர்மீனியர் பெயரிலும் மற்ற ஆசியர் பெயரிலும் போயிற்று. சரக்கு யாருடையது என்று மணிலா அதிகாரிக்குத் தெரியும். தெரியும் என்பது கப்பல்காரருக்கும் தெரியும். தெரியாமையைக்கூட இப்படிக் கூட்டாக உட்கார்ந்து தயாரிக்க வேண்டியிருக்கிறது. முன்பணம் வாங்கித் தறியில் உட்கார்ந்த நெசவாளிக்குத் தன் துணி அகபுல்கோ வரை போய் யார் முதுகை மூடுகிறது என்று சொல்ல யாருமில்லை. பழைய பாலத்தின் கல்வெட்டு இன்னும் அங்கே இருக்கிறது. பேருந்து இரைச்சலுக்கு நடுவில் அதைக் கடக்கும்போதெல்லாம் பாலத்தின் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. மழைக்காலத்தில் ஆறு கரைபுரண்டபோது பரிசலில் தத்தளித்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியமாக இருந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. அந்த நன்றியும் உண்மைதான்.

பொருள்கள் மட்டும் போகவில்லை. முகலாய நாட்டில் பிறந்த மீரா என்ற சிறுமியைப் போர்ச்சுக்கீசியர் பிடித்துக்கொண்டுபோய், கொச்சியில் ஞானஸ்நானம் கொடுத்து, மணிலாவில் விற்றார்கள். கப்பல் அவளை அகபுல்கோவுக்குக் கொண்டுவந்தது. புவெப்லா நகரில் ஒரு வணிகர் வீட்டில் அடிமையாக இருந்து, பிறகு விடுதலையாகி, கத்தரினா தே சான் ஹுவான் என்ற பெயரில் தெய்வக்காட்சி காண்பவளாக ஊரால் போற்றப்பட்டு 1688இல் இறந்தாள். அவளுடைய பாவசங்கீர்த்தனக் குரு அலோன்சோ ராமோஸ் மூன்று பெரிய தொகுதிகளில் அவள் வாழ்க்கையை எழுதினார். விசாரணை மன்றம் விரைவிலேயே அதைத் தடை செய்தது. இதுவரை எழுதிய எல்லாவற்றுக்கும் சாட்சி சொல்ல ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்ற எண்ணத்தோடுதான் அவளிடம் போனேன். சரக்காகக் கடல் கடந்தவள், பெயர் பறிபோனவள், இரு கரையும் கண்டவள். அவள் ஒத்துழைக்கவில்லை. ராமோஸ் எழுதும் காட்சிகளில் அவள் ஸ்பானியக் கப்பல்களுக்காக மன்றாடுகிறாள். அவை புயலுக்கும் பகைவருக்கும் தப்பிப் பத்திரமாகக் கரைசேர வேண்டும் என்று. கப்பல் வந்தால்தான் ஊரில் உலை கொதிக்கும் என்பதை அந்த வீட்டின் சமையலறையிலிருந்து அவள் நன்றாகவே பார்த்திருப்பாள், ஆகவே அது அவளுடைய சொந்த மன்றாட்டாகவே இருக்கலாம். அல்லது பாதிரியாருக்குத் தேவைப்பட்ட மன்றாட்டாகவும் இருக்கலாம். அவள் கப்பல்களைச் சபித்திருந்தாலும் அவர் அதை எழுதியிருக்கப்போவதில்லை.